தலையாட்டியே பிடித்த பாரிஸ்

திருபுவனை,
தை மாதம், 1986.

மகாகனம் பொருந்திய மச்சான் கோவிந்தராஜ் அவர்களுக்கு, உங்கள் தங்கை தனக்கொடியின் புருஷன் குழந்தைவேல் பணிவுடன் எழுதுவது. இவ்விடம் நாங்கள் சுகம், பசுமாடு சுகம், ஊதுபத்திக் கம்பெனி ரொம்ப ரொம்ப சுகம். அங்கே பிரான்சுக் குளிரும் உங்கள் முழங்காலும் இதற்குள் ராசியாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

நம்ம ஊதுபத்தி வாங்க நீங்கள் அனுப்பிய பாரிஸ் வியாபாரி, அந்த முசே, போன மாதம் வந்தார் மச்சான்! அவர் பிரெஞ்சைத் தமிழில் மாற்றிச் சொல்ல வில்லியனூர் ரோசி டீச்சரைக் கூப்பிட்டிருந்தேன். எடுத்த எடுப்பிலேயே முசே, சரக்கு விற்ற பிறகுதான் பணம் என்றார். முதல் ஏற்றுமதியாச்சே, நழுவிடப் போவுதேன்னு நானும் நம்ம ஊரு மாதிரி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிச் சம்மதம் சொன்னேன். மனுஷன் முகம் சுருங்கிப் போய், பாதி முன்பணம் என்றார். ஆட்டினேன். முழுசும் முன்பணம்னாரு! கப்பல் கூலி உன்னுது என்றார், ஆட்டினேன், சரி என்னுது என்றார். இன்னாடா கூத்து இதுன்னு முழிக்கிறேன், டீச்சர் காதோட சொல்றாங்க: "அண்ணே, அவங்க ஊருல இப்படி ஆட்டுனா முடியாதுன்னு அர்த்தம்ணே!"

அடி சக்கை! நம்ம நாட்டை இத்தனை காலம் ஏய்ச்ச ஒலகத்தை ஒரு கழுத்தை வெச்சே மடக்கிட்டேன் மச்சான்! வெளிநாட்டுக்குப் பேசப் போற நம்ம டெல்லி அதிகாரிங்க வாயை வூட்லயே வெச்சிட்டுப் போவட்டும். ஏற்றுமதியில கொடி கட்டிப் பறக்குற ஜப்பான்காரன் மட்டும் இன்னா, நம்மளைவிட ரெண்டு தலை வெச்சிருக்கானா?

சாப்பாடு முடிந்ததும் கடைசியாக ஒன்று கேட்டார். பெட்டியில் தனக்கொடி பெயரும் படமும் வேண்டாம், தன் கம்பெனி பெயரை மட்டும் போடலாமா என்று. முதல் பத்தியை அவள் கையால் உருட்டியபோதே பெட்டியில் அவள் பெயர்தான் என்று வாக்குக் கொடுத்தவன் நான், விடுவேனா? முடியவே முடியாதுன்னு, அவங்க ஊரு கணக்குல, கழுத்து சுளுக்குற அளவுக்கு ஆட்டினேன். முசே அப்படியே கட்டிப்பிடிச்சு ரெண்டு கன்னத்துலயும் முத்தம் குடுத்துட்டுக் கிளம்பிட்டாரு. என் உறுதியை மெச்சித்தான்! இனி பாரிஸ் கடைத்தெருவெல்லாம் உங்கள் தங்கை முகம்தான்.

உங்கள் குடும்பம் வாசனையோடு வாழ மயிலம் முருகன் துணை.

இப்படிக்கு,
குழந்தைவேல்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் பாரிஸிலிருந்து லேபிள் கட்டு வந்தது. பிரித்தால் எல்லாம் முசே கம்பெனி பெயர். ஓடிப்போய் ரோசி டீச்சரைக் கேட்டேன். நல்ல மனசுக்காரி, அன்றைக்குச் சாப்பிடும்போது முசேவுக்கும், "இந்த ஊருல இப்படி ஆட்டுனா சரின்னு அர்த்தம்" என்று சொல்லிக்கொடுத்துவிட்டாராம். மச்சான், உடனே முசேவைப் பாருங்கள், வாயால் பேசுங்கள். உங்கள் தங்கை லேபிளும் கையுமாக எதிரில் நிற்கிறாள். "என் பேரு வருமா வராதா?" என்றாள். தலையாட்டினேன். "வாயைத் தொறந்து சொல்லுய்யா!" என்கிறாள்.