இரண்டாவது ‘எங்கே’

“ஏதோ ஒரு வாண்டு சுருதியை விடுது. யாருன்னு பாத்து வெளிய அனுப்பு” என்றார் இசையமைப்பாளர்.

ஒலிப்பதிவாளர் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த வாண்டு அவருடைய மகள். காய்ச்சலில் படுத்துவிட்ட ஒரு பிள்ளைக்குப் பதிலாக, யாரிடமும் மூச்சு விடாமல் அவர்தான் அவளைக் கோரஸில் நுழைத்திருந்தார். அவளோ வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டு வந்திருக்கிறாள். இப்போது வெளியே அனுப்பினால் குழந்தை எந்த முகத்தோடு பள்ளிக்கூடம் போகும்?

கண்ணாடிக்கு அப்பால், குழந்தைகள் நடுவே பாடகி நின்றிருந்தார். அவர் மூச்சை இழுப்பது ஹெட்போனில் கேட்டாலே ஒலிப்பதிவாளருக்கு மெய் சிலிர்க்கும். “பிள்ளைங்கள தனியா பாட வெச்சு ஒட்டினா அது வீட்டுப் பாட்டா இருக்காது. என்கூடவே நின்னு பாடட்டும்” என்று சொல்லிவிட்டார். அப்பாவின் ஒற்றைக் காலுறையைக் குடும்பமே தேடும் பாட்டு. ‘எங்கே, எங்கே’ என்று வரும். இரண்டாவது ‘எங்கே’யில் மகள் தவறாமல் பள்ளத்தில் விழுந்தாள்.

மைக்கைச் சரிசெய்வதுபோல் உள்ளே போய் அவளைப் பின்வரிசைக்கு நகர்த்தினார். அப்பாவுக்குக் கேட்காதோ என்று அவள் இரண்டு மடங்கு கத்தினாள்.

மறுபடி போய், “பாப்பா, அந்த இடத்துல வாயை மட்டும் அசைச்சாப் போதும்டா” என்று காதில் ஓதினார். அவள் பக்கத்துப் பிள்ளையிடம் ஓத, அது வரிசை முழுக்கப் பரவியது. அடுத்த டேக்கில் அத்தனை வாய்களும் திறந்து மூடின. சத்தம்தான் இல்லை; பாடகியும் சிரித்துப் பாட்டை நிறுத்திவிட்டார்.

“இது என்னய்யா, கோரஸா, மீன் தொட்டியா?”

“இதோ, சரியாயிடும் சார்.”

குழந்தைகளை வழக்கம்போல் பாடச் சொல்லிவிட்டு, கடைசி அஸ்திரத்தை எடுத்தார். அந்த இரண்டாவது ‘எங்கே’ வந்ததும் குழந்தைகளின் மைக்கை அணைத்தார். பாடகியின் குரல் மட்டும் தனியே நின்றது.

அதுவும் பள்ளத்தில் விழுந்தது.

ஒலிப்பதிவாளர் தன் காதைச் சந்தேகித்தார், இயந்திரத்தைச் சந்தேகித்தார். அந்தக் குரலைச் சந்தேகிக்க மட்டும் மனம் வரவில்லை. ஒயரை மாற்றினார். மைக்கையே மாற்றினார். மறுபடியும் அதே இடம், அதே ஆழம். பிசகுகூட அளந்து வைத்தாற்போல மயிரிழை மாறாமல் இருந்தது.

இசையமைப்பாளர் வெளிறிப்போனார். “அவங்களா? போய்ச் சொல்லுய்யா.”

“நீங்க சொல்லுங்க சார்.”

“நான் புள்ளகுட்டிக்காரன்யா. நீ போ.”

ஒலிப்பதிவாளரே உள்ளே போனார்.

“என்ன தம்பி, இப்படி வேர்த்துக் கொட்டுது?” என்றார் பாடகி.

“மேடம்... அந்த ரெண்டாவது எங்கே...”

“ஏன், நல்லா இல்லையா?”

“ஐயோ! தேவாமிர்தம் மேடம்!”

பாடகி சிரித்துக்கொண்டே தண்ணீர் குடிக்கப் போனார். மகள் ஓடிவந்து ஒலிப்பதிவாளரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பா, பாட்டு அத்தையைத் திட்டாதப்பா. நான் தப்பு விடுற இடத்துல அவங்களும் கூடவே தப்பு விடுறேன்னு சத்தியம் பண்ணியிருக்காங்க. தனியா விட்டாத்தான் அழுகை வருமாம், ரெண்டு பேரா விட்டா சிரிப்புதான் வருமாம்!”