போட்டுக்குக் கிரீஸ் அடித்த மாரீஸ்வரன்

போடியில் ஜீப் மெக்கானிக்காக இருக்கிற மாரீஸ்வரன் ஒரு புதன்கிழமை காலையில், பல் விளக்கிக்கொண்டே, தன் வாழ்க்கையின் மிகப் பெரிய முடிவை எடுத்தான். இனிமேல் வாரத்தில் ஆறு நாள் பொண்டாட்டி குரலைக் கேட்பதில்லை.

சந்திரவல்லி கெட்டவள் இல்லை. அப்படி இருந்திருந்தால் ஊரில் நாலு பேரிடம் சொல்லி அழுதாவது மனசை ஆற்றிக்கொள்ளலாம். அவள் சொல்வதெல்லாம் சரியாக இருந்து தொலைக்கும். அதுதான் கொடுமை. "ஏங்க, அந்த நட்டை அங்கன வைக்காதீக, தொலைஞ்சு போகும்" என்பாள். கால் மணி நேரத்தில் அந்த நட்டு தொலைந்துபோகும். "ஏங்க, இன்னைக்கு மழை வரும்" என்பாள். வெயில் கொளுத்துதே என்று அவன் நக்கலாகச் சிரித்துவிட்டுப் போவான். சாயங்காலம் பட்டறையிலிருந்து நனைந்த கோழியாகத் திரும்புவான். இப்படிப் பத்தொன்பது வருசம். மகள் மதுரையில் ஹாஸ்டலுக்குப் போன பிறகு வீட்டில் மிஞ்சியது இவர்கள் ரெண்டு பேரும் ரெண்டு பசுமாடும்தான். மாடாவது பதில் பேசாது.

வழி காட்டியவன் கன்னையன். தினமும் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போடிமெட்டு ஏறி இறங்குகிற ஜீப் டிரைவர். ஊரில் நடக்கிறதும் மலையில் நடக்கிறதும் அவன் வாய் வழியாகத்தான் மேலேயும் கீழேயும் போய் வரும்.

"அண்ணே, பூப்பாறைக்கு அங்கிட்டு ஏரிக்கரையில ஒரு ரிசார்ட்டு. அங்கன ஸ்கீ போட்டுன்னு ஒண்ணு வச்சிருக்காக. போட்டு முன்னால பறக்கும். பின்னால ஒருத்தன் கயித்தப் பிடிச்சுக்கிட்டுத் தண்ணி மேல நின்னு வழுக்கிக்கிட்டே போவான்."

"எதுக்குடா?"

"எதுக்கோ. காசு குடுத்துப் போறாங்ய. இப்ப போட்டு ஓடும்போது கடகடன்னு ஆடுதாம். அடியில காத்தாடி மாட்டுற தண்டு இருக்குல்ல, ப்ரொப்பல்லர் ஷாப்ட்டு, அதத் தாங்குற பேரிங்கு தேஞ்சு போச்சு. சரி பண்ணிக் குடுக்குற ஆளையே நிரந்தரமா வச்சுக்கிறோம்ங்கிறாக. சம்பளம், சாப்பாடு, தங்க ரூமு. ஞாயித்துக்கிழமை மட்டும் வீட்டுக்கு வரலாம்."

ப்ரொப்பல்லர் ஷாப்ட்டு! ஜீப்பிலும் அதே பேரில் அதே சாமான் உண்டு. கண்ணைக் கட்டிவிட்டாலும் கழற்றி மாட்டுவான் மாரீஸ்வரன். அவன் அதற்கு முன்னால் போட்டில் ஏறியதே இல்லை என்பது உண்மைதான். அதெல்லாம் ஒரு குறையா? ஜீப்பு ரோட்டில் ஓடுகிறது, போட்டு தண்ணியில் ஓடுகிறது, அவ்வளவுதானே!

வீட்டில் வேறு கதை சொன்னான். "தேவாரத்துக்காரர் ஒருத்தரோட ஜீப்பு மேல எஸ்டேட்டுல நின்னு போச்சு வல்லி. ரெண்டு நாள் சோலி."

சந்திரவல்லி அவன் பையைப் பார்த்தாள். "ரெண்டு நாள் சோலிக்குத் தலகாணி எதுக்குங்க?"

"மேல குளிரும்ல?"

"குளிருக்குப் போர்வையில்ல எடுப்பாக?"

"போர்வையும் எடுத்திருக்கேன்."

"ஏழு சட்டை?"

"கிரீஸ் சோலி. அழுக்காகும்."

அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. புளிசாதம் கட்டிக் கொடுத்து, "வெரசா வந்து சேருங்க" என்றாள். கேட்காமல் விட்டாளே என்று அவன் கொஞ்சமாவது பயந்திருக்க வேண்டும். ஆனால் அவனோ, ஏமாற்றிவிட்டோம் என்று மலைப்பாதையின் பதினேழு வளைவும் விசிலடித்துக்கொண்டே போனான்.

ரிசார்ட் மானேஜர் மனோஜ் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். எல்லை தாண்டிப் பிழைக்கிறவன், ரெண்டு வார்த்தைக்கு ஒரு மலையாளம் வரும்.

"அண்ணே, வேலை சரியாச்சுன்னா ஜோலி உங்களுக்குத்தான். பின்னே, ஃபேமிலியக் கூட்டிட்டு வருவீங்களோ? ரூமு செறுசாக்கும்."

"ஃபேமிலியா!" மாரீஸ்வரன் மார்பில் கை வைத்தான். "எனக்குத் தனியா இருக்கறதுதான் தம்பி ரொம்பப் பிடிக்கும். ஒரு கட்டில் போதும்."

போட்டைக் கரையேற்றி வைத்திருந்தார்கள். மாரீஸ்வரன் அடியில் படுத்து, காற்றாடி மாட்டின தண்டைப் பிடித்து ஆட்டினான். மேலும் கீழும் லொடலொடவென்று ஆடியது. பின்னைப் பிடுங்கி, நட்டைக் கழற்றி, புல்லர் போட்டுக் காற்றாடியை இழுத்தான். தண்டைத் தாங்குகிற காலுக்குள்ளிருந்து பழைய பேரிங்கையும் உருவி எடுத்தான். அதுவரைக்கும் எந்தக் கொம்பனும் குறை சொல்ல முடியாத வேலை.

கையில் வந்தது அவன் நினைத்த சாமான் இல்லை. குண்டும் இல்லை, ரோலரும் இல்லை. ஒரு பித்தளைக் குழாய், உள்ளே ரப்பர். ரப்பரில் நீளவாக்கில் வாய்க்கால் வாய்க்காலாகப் பள்ளம். கொச்சியிலிருந்து பார்சலில் வந்த புதுசும் அச்சு அசல் அதே மாதிரி இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தான். கிரீஸ் அடிக்க எங்கேயும் ஓட்டையே இல்லை.

"மறந்துட்டான் தம்பி" என்றான் பரிதாபமாக. "இம்புட்டு வாய்க்கால் வெட்டினவன், கிரீஸ் உள்ள போக வழி வைக்க மறந்துட்டான்."

தண்டு தாங்குகிற காலில் ஒரு ஓட்டை போட்டான். மரை வெட்டினான். ஜீப்பில் மாட்டுகிற கிரீஸ் நிப்பிள் ஒன்றை முறுக்கி வைத்தான். கிரீஸ் கன்னை மாட்டி, ரெண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு வருகிற வரைக்கும் அமுக்கினான்.

மனோஜ் தலையைச் சொறிந்தான். "பழசுல இது இல்லல்லோ அண்ணே?"

"இல்லாததுனாலதானப்பா தேஞ்சு போச்சு!"

மறுநாள் காலையில் வெள்ளோட்டம். போட்டு வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி போனது. ஆட்டமில்லை, சத்தமில்லை. காற்று முகத்தில் அடிக்க மாரீஸ்வரன் எழுந்தே நின்றான். வாழ்க்கையில் முதல் முறையாக, சந்திரவல்லி ஒரு வார்த்தை சொல்லாமல் ஒரு வேலை முடிந்திருக்கிறது! ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போய் என்ன தோரணையில் சேர் போட்டு உட்கார வேண்டும் என்பது வரைக்கும் யோசித்துவிட்டான்.

"ஃபுல் ஸ்பீடு விடு தம்பி!"

விட்டான். பத்து நிமிசம். அடியிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் எழுந்து, வீலென்று வளர்ந்தது. போட்டு முன்னைவிட மோசமாக உதறியது. மனோஜ் பதறிப்போய் இன்ஜினை அணைத்தான். திரும்பிப் பார்த்தால், தண்ணியில் வானவில் நிறத்தில் கிரீஸ் படலம். அதில் கறுப்புக் கறுப்பாக ரப்பர்த் துண்டுகள்.

நடு ஏரியில் மாட்டிக்கொண்டவர்களைக் கரை சேர்த்தது யார் தெரியுமா? வாத்து வடிவத்தில் இருக்கிற பெடல் போட்டு. அதில் ஒரு புதுமணத் தம்பதி. புருசன் பெடல் மிதிக்க, பெண் ஸ்கீ போட்டையும் மாரீஸ்வரனையும் சேர்த்து வீடியோ எடுத்துக்கொண்டே வந்தாள். இழுபட்டு வந்த முக்கால் மணி நேரமும் மாரீஸ்வரன் ஒரே மலையை உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஞாயித்துக்கிழமை பதினஞ்சு பேரு புக்கிங்கு இருக்கு அண்ணே" என்றான் மனோஜ். முகத்தில் சிரிப்பில்லை. "நாளைக்கு சரியாகலேன்னா நான் வேற ஆள நோக்கணும்."

போச்சு. ஆறு நாளும் போச்சு! மாரீஸ்வரன் பழைய பித்தளைக் குழாயை மத்தியானம் இறங்குகிற கன்னையன் கையில் கொடுத்தான். "போடியில எந்தக் கடையிலயாச்சும் இதே மாதிரி ஒண்ணு பார்த்து வாங்கிட்டு வா. என்ன ஆனாலும் எம் பொண்டாட்டி காதுக்கு மட்டும் போகக்கூடாது. சத்தியம் பண்ணு."

கன்னையன் சத்தியம் பண்ணினான்.

வெள்ளிக்கிழமை காலை ஜீப்பு வந்தது. முன்சீட்டிலிருந்து சந்திரவல்லி இறங்கினாள். கையில் ஒரு மஞ்சப்பை, இடுப்பில் சொருகின முந்தானை.

மாரீஸ்வரன் கன்னையனை ஓரமாக இழுத்துப்போனான். "அடப்பாவி! சத்தியம் பண்ணுனியேடா!"

"அண்ணே, அக்காகிட்ட நான் மூச்சு விடல. கடைக்காரர் எல்லாரும் பார்த்துட்டு, இந்த மாதிரி ரப்பர் புஷ்ஷுக்கு ஒரே ஆளு ராசிங்காபுரம் பிச்சைமணிதான்னாக. போனேன். அவரு உங்க மாமனாருங்கிறது எனக்கென்ன தெரியும்? எல்லாத்தையும் சொல்லி முடிச்ச பெறகுதான் அவரு 'எம் மருமகனா?'ன்னாரு."

பிச்சைமணி ஊர் ஊராகப் போர் மோட்டார் கழற்றி மாட்டுகிறவர். கல்யாணமாகிறவரை அவருக்குக் கையாளாக நின்றவள் சந்திரவல்லி. இது மாரீஸ்வரனுக்குத் தெரியாததில்லை. ஒரு நாளும் அதை யோசித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அவள் குனிந்து போட்டின் அடியைப் பார்த்தாள். "இதென்னங்க, மூக்குத்தி?"

"கிரீஸ் நிப்பிளு."

"எங்க ஊருல முந்நூறு அடி ஆழத்துல மோட்டாரு தண்ணிக்குள்ள நின்னு சுத்துது. அதுக்கு யாருங்க எறங்கிப் போயி கிரீஸ் அடிக்கிறா?"

மாரீஸ்வரன் குனிந்து நிப்பிளைத் தடவிப் பார்த்தான்.

"ரப்பர் புஷ்ஷுக்குத் தண்ணிதாங்க கிரீஸு. அந்த வாய்க்கால் வழியாத் தண்ணி போகணும். நீங்க போயி அத அடைச்சு வச்சிருக்கீக. சூடு தாங்காமப் பிய்ஞ்சு போச்சு."

மறுபடியும் சரி. எப்போதும் போலச் சரி. மாரீஸ்வரனுக்கு ஏரியில் குதித்துவிடலாமா என்று இருந்தது.

மஞ்சப்பையிலிருந்து அப்பா லேத்தில் கடைந்து கொடுத்த புது புஷ்ஷை எடுத்தாள், கூடவே ஒரு சோப்பையும். அதன் பிறகு அவள் சொல்லச் சொல்ல அவன் செய்தான். நிப்பிளைக் கழற்றி ஓட்டையை ஸ்க்ரூ போட்டு அடைத்தான். மண்ணெண்ணெய் விட்டுத் தண்டைத் துடைத்தான். "நகத்தால வருடிப் பாருங்க, கீறல் இருக்கா?" வருடினான், இல்லை. "கிரீஸத் தொடாதீக! சோப்புத் தண்ணி தடவிச் சொருகுங்க." சொருகினான். நீளப் போல்ட்டைப் போட்டு இழுத்ததும் புஷ்ஷு பதவிசாகப் போய் உட்கார்ந்தது. மனோஜ் ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டான். மாரீஸ்வரனுக்கு இல்லை, சந்திரவல்லிக்கு.

"அண்ணே பாவம் அக்கா" என்று அவளிடம் பேச்சுக் கொடுத்தான். "எனக்குத் தனியா இருக்கறதுதான் பிடிக்கும், ஒரு கட்டில் போதும்னாரு."

மாரீஸ்வரன் கையிலிருந்து ஸ்பானர் விழுந்தது. சந்திரவல்லி திரும்பிப் புருசனைப் பார்த்தாள். கோபப்படவில்லை. லேசாகச் சிரித்தாள். பத்தொன்பது வருசத்தில் அவன் அவ்வளவு பயந்ததில்லை.

போட்டு ஒரு மணி நேரம் ஃபுல் ஸ்பீடில் ஓடியது. ஆடவில்லை, கத்தவில்லை. கரை வந்ததும் மனோஜ் நேராக அவள் முன்னால் போய் நின்றான்.

"அக்கா, இங்க ஆறு மோட்டார் பம்பும் கெடக்கு, ரெண்டு போட்டும் கெடக்கு. தண்ணி தெரிஞ்ச ஆளாக்கும் எனக்கு வேணும். ஜோலிக்கு வர்றீங்களா?"

"அவ எப்படி வருவா?" மாரீஸ்வரன் குறுக்கே விழுந்தான். "வீடு இருக்கு, மாடு இருக்கு..."

"ஏங்க, கொஞ்சம் இங்கிட்டு வாங்க" என்று சந்திரவல்லி அவனைத் தண்ணி ஓரமாகக் கூட்டிப்போனாள். அவள் குரலில் கேலி இல்லை. "நீங்க மட்டுமா என் சத்தத்துல அலுத்துப் போயிருக்கீக? ஏ வல்லி அதெங்க, ஏ வல்லி இதெங்கன்னு ஒரு நாளைக்கு எத்தன தடவ கூப்பிடுறீகன்னு எண்ணிப் பார்த்திருக்கீகளா? கட்டியிருக்குற லுங்கியக் கூட எங்கன்னு கேட்டிருக்கீக. எனக்கும் ஆறு நாளு யாருக்கும் பதில் சொல்லாம இருக்கணும்னு ஆசையா இருக்கு. ரொம்ப நாளா இருக்கு."

மாரீஸ்வரன் தொண்டையைச் செருமினான். "அப்போ நான்?"

"உங்களுக்கென்ன, கேட்டது கெடச்சிருச்சு. வாரத்துல ஆறு நாளு நான் இருக்க மாட்டேன்."

அட, ஆமாம்! மலையில் என்றால் என்ன, வீட்டில் என்றால் என்ன? மாரீஸ்வரனுக்கு மெல்ல மெல்ல முகம் மலர்ந்தது. ஏமாந்தவள் அவள்தான்! சிரிப்பை அடக்கிக்கொண்டு, பெரிய மனசு பண்ணுகிறவன் மாதிரி, "சரி, உன் ஆசையை நான் எதுக்குக் கெடுக்கணும்?" என்றான். பையை எடுத்துக்கொண்டு துள்ளி ஜீப்பில் ஏறினான். கன்னையன் வண்டியைக் கிளப்பினான்.

சந்திரவல்லி ஜன்னல் பக்கம் வந்து நின்றாள்.

"மாட்டப் பத்திக் கவலப்படாதீக. நேத்து எங்கப்பா போன்ல விசயத்தச் சொன்ன கையோட எங்கம்மாவ வரச் சொன்னேன். ராத்திரியே பெட்டியோட வந்து எறங்கிட்டாக. இனிமே நம்ம வீட்டுலதான் இருப்பாக, நீங்க அவுக சொல்றதக் கேட்டு நடந்துக்குங்க."