காலர் தொய்ந்த விவகாரம்

மலாயாவுக்கு மெர்டேக்கா என்னும் சுதந்திரம் கிடைத்து ஓராண்டு நிறையும் சமயத்தில், மழையைப் பற்றி மண்ணின் மக்களுக்கு என்ன தெரியும் என்று அறிந்துபோக, லண்டனிலிருந்து காஜா பெராங்குக்கு ஒரு டாக்டர் வந்து இறங்கினார். ஊசி போடும் டாக்டர் அல்ல. மனிதர்களை ஆராயும் டாக்டர். பெயர் பெம்பர்டன்.

அவருக்கு மொழிபெயர்க்க, அரசாங்க அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி கருணாகரனை அனுப்பினார்கள். கருணாகரனுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆகவே யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவார். டாக்டரை நேரே சலவைக்கார அஞ்சலையிடம் அழைத்துப் போனார்.

"கஞ்சி போட்ட காலர் மத்தியானத்துக்குள்ளே தொய்ஞ்சா சாயந்தரம் மழைங்க," என்றாள் அஞ்சலை. "முன்னே மழை மாசத்திலேதான் தொய்யும். இப்போ கண்ட மாசத்திலேயும் தொய்யுது."

டாக்டர் மூன்று நோட்டுப் புத்தகம் நிரப்பினார்.

ஆண்டு விழாவன்று பாடாங் திடலில் மேடை போட்டிருந்தது. மேசை விரிப்புகளைக் கொண்டுவந்த அஞ்சலை, அதிகாரி நடராஜனின் கழுத்தையே பார்த்தாள். வெள்ளைக்காரர் விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்த நாள்முதல், புகைக்கத் தெரியாமலே பைப்பைக் கடித்துக்கொண்டிருப்பவர் நடராஜன்.

"துவான், காலர் தொய்ஞ்சிருச்சு. நாலு மணிக்கு மழை. மேலே தார்ப்பாய் கட்டச் சொல்லுங்க."

"யார் அனுமதி கொடுத்தது?"

"மழைக்கா துவான், காலருக்கா?" என்றார் கருணாகரன்.

"ரெண்டுக்கும்தான்! நிகழ்ச்சி நிரலில் மழை இல்லை. எழுதுங்க!"

கருணாகரனின் காலரும் ஈரத்துணியாய்க் கழுத்தில் ஒட்டிக் கிடந்தது. தார்ப்பாய் கிடங்கில்தான் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேலையை நினைத்து வாயை மூடிக்கொண்டு, 'மேற்படி மழைக்கு இவ்வலுவலகம் ஒப்புதல் அளிக்கவில்லை' என்று தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, மேடைக் காலில் ஒட்டினார்.

நாலு மணிக்கு வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. அதிகாரி எழவில்லை. அதிகாரி எழாதபோது ஊர்ப் பெரியவர்கள் எப்படி எழுவது? அவர்கள் எழாதபோது மற்றவர்கள் எப்படி எழுவது? பைப்பில் தண்ணீர் நிரம்பி வழிய வழிய நடராஜன் பேச, நாதஸ்வரம் கொப்பளிக்க, ஊரே நனைந்தபடி கைதட்டியது. அஞ்சலை மட்டும் விரிப்புகளைச் சுருட்டிக்கொண்டு ஓடினாள். டாக்டர் குடைக்குள் நின்று எழுதிக்கொண்டிருந்தார்.

மறுநாள் கருணாகரன் சளிக் காய்ச்சலுக்கு விடுப்பு கேட்டார். பெய்யாத மழையில் சளி பிடிக்க விதியில்லை என்று மனு திரும்பி வந்தது.

அடுத்த ஆண்டு டாக்டரின் புத்தகம் அலுவலகத்துக்கு வந்தது. அதில் இப்படி இருந்தது: 'முத்திரை குத்தாத மழை நனைக்காது என்பது காஜா பெராங் மக்களின் தொன்றுதொட்ட நம்பிக்கை. கொட்டும் மழையில் அவர்கள் அசையாமல் அமர்ந்திருந்ததை நேரில் கண்டேன்.'

கருணாகரனுக்கு ரத்தம் கொதித்தது. மறுப்புக் கடிதம் எழுதி, புத்தகத்தோடு நடராஜனிடம் ஓடினார்.

நடராஜன் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். "இதிலே தப்பு எங்கே இருக்கு?"

கருணாகரன் மறுபடி படித்துப் பார்த்தார். அவருக்கும் எதுவும் அகப்படவில்லை.