துவான் சார் வகுப்பைப் பற்றி ஒன்று வந்திருக்கிறது

"உங்க வகுப்பைப் பத்தி ஒண்ணு வந்திருக்கு" என்றார் துறைத்தலைவர் மெங், கதவைச் சாத்திவிட்டு.

துவான் லிமிங் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். யாங்சி ஆற்றங்கரை நகரமொன்றின் பல்கலைக்கழகத்தில் அரசியல் சிந்தனை வரலாறு நடத்துபவர் அவர். ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம்தான்.

"என்ன வந்திருக்கு?"

"அதை நான் சொல்லக் கூடாது."

"யார்கிட்டேயிருந்து?"

"அதையும் சொல்லக் கூடாது."

"அப்ப நான் எதைத் திருத்திக்கிறது?"

மெங் சற்று யோசித்தார். "பொதுவாத் திருத்திக்கங்க."

பொதுவாகத் திருத்திக்கொள்வது எப்படி என்று யோசித்துக்கொண்டே துவான் வீட்டுக்குப் போனார். அங்கே கேட்பதற்கு ஆள் இல்லை. பேரன் பிறந்ததிலிருந்து மனைவி ஷென்சென்னில் மகனோடு இருந்தாள். வாரம் முழுவதும் துவான் வாய்திறந்து பேசுகிற இடம் வகுப்பு ஒன்றுதான். மற்றபடி காய்கறிக்காரியிடம் "பூண்டு", லிப்டில் "நாலாவது மாடி".

மனைவியைப் போனில் பிடித்தார்.

"என்னத்தைச் சொல்லித் தொலைச்சீங்க?" என்றாள் அவள்.

"அதான் தெரியலை. போன வாரம் பஞ்சகாலத்துல வரி வசூல் பண்ணின ஒரு மந்திரி கதை சொன்னேன். பசங்க சிரிச்சாங்க."

"சிரிக்கிற மாதிரி எதுக்குச் சொல்றீங்க? சம்பளம் சிரிக்க வைக்கிறதுக்கா குடுக்கறான்? இருங்க, குழந்தை அழறான்."

போன் துண்டானது. ஆறிப்போன நூடுல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டே, மந்திரியைப் பாடத்திலிருந்து நீக்கிவிடுவதென்று தீர்மானித்தார். பின்னாலேயே பஞ்சத்தையும் நீக்கினார்.

அடுத்த வகுப்பில் பாடப்புத்தகத்தை எழுத்துக்கு எழுத்து வாசித்தார். மறுநாளே மெங் கூப்பிட்டனுப்பினார்.

"மறுபடியும் வந்திருக்கு. புத்தகத்தை வாசிச்சீங்களாமே?"

"ஆமா. ஒரு எழுத்து மாத்தலை."

"எப்படி வாசிச்சீங்க?"

"வாயாலதான்."

"சில வரிகளுக்கு முன்னாடி நிறுத்தி நிறுத்தி வாசிச்சீங்களாம்."

"மூச்சு வாங்கினேன். எனக்கு ஆஸ்துமா இருக்கிறது உங்களுக்குத் தெரியும்."

"மூச்சையெல்லாம் வீட்டிலேயே வாங்கிட்டு வந்துடுங்களேன், துவான்."

அன்றிலிருந்து, போட்டுக்கொடுத்தது யாரென்று வகுப்பில் முகம் முகமாகப் பார்க்க ஆரம்பித்தார். அந்தப் பின்வரிசைக்காரனா? தலைகுனிந்தே இருக்கும் அந்தப் பையனா? பார்க்கப் பார்க்க எல்லா முகமும் அவரையே உளவு பார்ப்பதுபோல இருந்தது. முன்பெல்லாம் மதியம் மாணவர் உணவகத்தில் பிள்ளைகளோடு சேர்ந்து சாப்பிடுவார். இப்போது தட்டை எடுத்துக்கொண்டு தூண் ஓரத்துக்குப் போய்விட்டார்.

ஒருநாள் கண்ணாடி போட்ட மாணவி ஒருத்தி தட்டோடு வந்து நின்றாள்.

"சார், இங்க உக்காரலாமா?"

"இல்லம்மா, ஆள் வர்றாங்க."

அவள் காலி நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிங்க சார்" என்று போய்விட்டாள். ஆள் யாரும் வரவில்லை. துவான் பன்னைப் பிய்த்துப் பிய்த்து நெடுநேரம் தின்றார்.

வாசித்தால்தானே வம்பு என்று, மேலிடம் அனுப்பியிருந்த பாட வீடியோவைப் போட்டுவிட்டு ஜன்னலோரம் நின்றுகொண்டார். மூன்றாவது முறையும் அழைப்பு வந்தது. இந்தத் தடவை மெங்கின் நெற்றி வியர்த்திருந்தது.

"வீடியோ ஓடுறப்ப வெளியே பார்த்துக்கிட்டு நின்னீங்களாமே?"

"மழை பெஞ்சுது. பார்த்தேன்."

"எந்தப் பக்கம் பார்த்தீங்க?"

"மழைக்கு ஏதுங்க பக்கம்?"

"பெருமூச்சு விட்டீங்களாம்."

"நீங்கதானே வகுப்புல மூச்சு வாங்காதீங்கன்னீங்க. சேர்த்து வெச்சது வெளியே வந்திருக்கும்."

மெங் சிரிக்கவில்லை. "துவான், கெஞ்சிக் கேட்கிறேன். இனிமே உங்க வகுப்பிலேர்ந்து எனக்கு எதுவுமே வரக் கூடாது."

அதற்கப்புறம் துவான் முகக்கவசம் மாட்டிக்கொண்டு, திரையைப் பார்த்தபடி முதல் வரிசையில் உட்கார்ந்தார். கண்ணில் ஏதாவது தெரிந்துவிடுமோ என்று அதையும் மூடிக்கொண்டார். வீடியோவில் யாரோ ஒருவர் ஒரே சுருதியில் பேசிக்கொண்டிருந்தார். துவான் தூங்கிப்போனார். விழித்தபோது மணி அடித்து முடிந்திருந்தது. பாதி வகுப்பு தூங்கிக்கொண்டிருந்தது. மீதிப் பாதி அவரை எழுப்பாமல் போய்விட்டிருந்தது.

வாரங்கள் போயின. எதுவும் வரவில்லை. காய்கறிக்காரி "என்ன வேணும்?" என்று கேட்டபோது துவானுக்குக் குரல் எழும்பவில்லை. பூண்டைக் கையால் காட்டினார்.

பருவ முடிவில், மற்ற ஆசிரியர்கள் பின்பற்ற வேண்டிய வகுப்பு என்று துறைக்கூட்டத்தில் மெங் அவர் பெயரைச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். பரிசாக ஒரு வெந்நீர்க் குடுவை. அதை வாங்கிக்கொள்ள அலுவலகத்துக்குப் போனபோது உதவியாளர் ஷியா மட்டும் இருந்தாள். சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டிருந்தாள்.

"ஷியா, எல்லாம் முடிஞ்சுபோச்சு. இப்பவாவது சொல்லேன்" என்றார் துவான். அவர் குரல் அவருக்கே கரகரவென்று கேட்டது. "என்னைப் பத்தி அப்படி என்ன புகார் வந்துது?"

ஷியா கொறிப்பதை நிறுத்தினாள்.

"புகாரா? புகார்னா நாங்களே பதில் எழுதி முடிச்சிருப்போமே, சார். 'துவான் சார் நிறுத்தி வாசிச்சாக்கூட, மழையைப் பார்த்து நின்னாக்கூட எங்களுக்கு யோசனை ஓடுது, அவருக்கு நன்றி சொல்லிடுங்க'ன்னு கண்ணாடி போட்ட ஒரு பொண்ணு மூணு தடவை நேர்ல வந்து சொல்லிட்டுப் போனா, பாவம், தலைவர் பயப்படாம என்ன பண்ணுவார்?"