செம்புக்கும் கழலை

தொண்ணூற்றாறாம் ஆண்டு கொழும்புத் தமிழர் இரண்டு இடத்தில் கியூவில் நின்றார்கள். ஒன்று, பொலிஸ் பதிவு. மற்றது, ஜிந்துப்பிட்டியில் சவுந்தரநாயக சுவாமிகளின் வாசல். முதலாவதில் முகத்தைக் காட்டவேண்டும். இரண்டாவதில் கழுத்தை.

ஓம், கழுத்தைத்தான்! கழலை வந்து கழுத்து வீங்கியவர்களுக்கு அவர் கண்கண்ட தெய்வம். கத்தி இல்லை, குளிசை இல்லை. கறுப்பு நூலால் கழுத்தைச் சுற்றி அளந்து, நுனி தொட்ட இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டு வைப்பார். பிறகு சின்னக் குழாய்த் தாயத்து ஒன்றைக் கழுத்தில் கட்டிவிடுவார். அடுத்த வெள்ளி அதே நூலால் அளந்தால் முடிச்சைத் தாண்டி நூல் மிச்சம் நிற்கும். கழலை வற்றிவிட்டது! "முருகா!" என்று சனம் அலறும். தட்டு நிறையும். ஒருகொடவத்தையில் லொறிகளுக்குக் கணக்கெழுதிய மனிசனுக்கு முருகன் எப்போது கழுத்து இலாகாவைக் கொடுத்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் சாமி குற்றம்.

நேசமலரும் கேட்கவில்லை. வயிற்றில் நாலு மாதம். கல்யாணமாகி எத்தனையோ நேர்த்திக்குப் பிறகு தங்கிய பிள்ளை. கிளினிக் டொக்டர் அவளுடைய கழுத்து வீக்கத்தைத் தடவிப் பார்த்து, இரத்தம் சோதித்து, குளிசை எழுதிக் கொடுத்திருந்தார்.

"அயடீன் உப்புப் போட்டுச் சமையுங்கோ. குளிசையை ஒரு நாளும் விடாதையுங்கோ. விட்டால் பிள்ளையின்ர மூளை வளர்ச்சிக்குக் கூடாது."

அந்தக் கடைசி வார்த்தை அவளை நித்திரை கொள்ள விடவில்லை. ஆனால் குளிசை போட மாமியார் இரத்தினம்மா விடவேண்டுமே!

"வயித்தில பிள்ளையை வைச்சுக்கொண்டு ஆரும் மருந்து விழுங்குவினமே? சாமி ஒரு நூலால மாத்துறார். வெளிக்கிடு பிள்ளை."

சுவாமிகள் நேசமலரின் கழுத்தை அளந்து, தாயத்தும் கட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"குளிசையும் தாயத்தும் ஒரு உடம்பில சரிவராது அம்மா. அந்தப் புது உப்பும் வேண்டாம். அரசாங்கம் அதுக்குள்ள என்னத்தைக் கலக்குதெண்டு ஆருக்குத் தெரியும்?"

அந்த நாளில் அரசாங்கம் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் எங்கள் சனம் எதையும் நம்பும். பட்ட அடி அப்படி. வீட்டிலிருந்து வரும்போதே மாமி குளிசைப் போத்தலை அரிசி வாளிக்குள் புதைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

திரும்பும் வழியில் வெள்ளவத்தைச் சோதனைச் சாவடி. பொலிஸ்காரி நேசமலரின் கழுத்தைப் பார்த்தாள். கறுப்புக் கயிறு. நுனியில் குழாய். யுத்த காலத்தில் கழுத்தில் கயிறு கட்டிச் சயனைட் குப்பி தொங்கவிடுகிறவர்கள் யார் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். சுவாமிகளுக்குத்தான் தெரியவில்லை. ஞானக்கண் ஜிந்துப்பிட்டிச் சந்தியோடு நின்றுவிடும் போலிருக்கிறது.

"மே மொகக்த?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டாள்.

மாமி உதவிக்குப் பாய்ந்தார். "பெஹெத் நோனா, பெஹெத்!"

மருந்தாம்! கெட்டது குடி. துவக்குகள் நிமிர்ந்தன.

நல்ல காலம், குழாயைக் கத்தியால் நெம்பித் திறந்தார்கள். உள்ளே ஒரு சிட்டிகைச் சாம்பல். பொலிஸ்காரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தாலும் தாயத்தை மேசை லாச்சிக்குள் போட்டுக்கொண்டுதான் விட்டாள். நேசமலர் வீடு வந்து சேரும்வரை வயிற்றில் வைத்த கையை எடுக்கவில்லை.

அடுத்த வெள்ளி சுவாமிகளின் வாசலில் புது உத்தரவு காத்திருந்தது. "இனித் தாயத்தை இடுப்பில கட்டுங்கோ. முருகன் கனவில வந்து சொன்னவன்." முருகனையும் சாவடியில் மறித்திருப்பார்கள், பாவம்!

நேசமலர் வெறுங்கழுத்தோடு போய் இருந்தாள். அவளும் இடுப்புக்கு மாற்றிவிட்டாள் என்று சுவாமிகள் நினைத்துக்கொண்டார். அளந்தார். நூல் முடிச்சைத் தாண்டியது.

"பாத்தியளே! இடுப்பில இருந்தும் தாயத்து வேலை செய்யுது!"

மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். நேசமலருக்குக் கழுத்து எரிந்தது. தாயத்து கிடப்பது பொலிஸ் லாச்சியில். வற்றுவதென்றால் லாச்சியல்லவா வற்றவேண்டும்? போன வெள்ளி நூலுக்கும் தோலுக்கும் நடுவில் இந்த மனிசனின் விரல் குளிர்ந்தது நினைவு வந்தது. இன்று விரலைக் காணோம், நூல் கடித்தது. இதற்காகவா ஒரு கிழமையாகப் பிள்ளைக்கு மருந்தில்லாமல் விட்டேன் என்று நினைத்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

பீடத்தில் இருந்த தீர்த்தச் செம்பைத் தூக்கினாள். ஒரு நூலையும் எடுத்தாள்.

"சாமி, உங்கட செம்புக்கும் கழலை. பாருங்கோ!"

செம்பின் கழுத்தோடு தன் விரலையும் சேர்த்துச் சுற்றி முடிச்சுப் போட்டாள். விரலை உருவினாள். மறுபடி இறுக்கிச் சுற்றினாள். முடிச்சைத் தாண்டி நூல் நின்றது.

"மாமி, செம்புக்குத் தாயத்தும் கட்டேல்லை, வெள்ளிக்கிழமையும் வரேல்லை. எப்பிடி வத்தினது?"

கியூவில் நின்ற ஒரு மனுசி தன் கழுத்தைத் தடவினாள். "எனக்கும் முதல் நாள் விரல் விட்டுத்தான் அளந்தவர்!"

"எனக்கும்!" "எனக்கும்!"

சுவாமிகள் "தெய்வ நிந்தனை" என்று முன்வாசலில் தொடங்கிய பேச்சைப் பின்வாசலில் முடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மாமி அரிசி வாளிக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவினார். போத்தலைத் துடைத்து, தண்ணீரும் தானே வார்த்துக் கொடுத்தார். "விழுங்கு பிள்ளை. நான் ஒரு விசரி."

மறுநாள் கிளினிக்கில் டொக்டர் இருவரையும் நன்றாக ஏசினார். ஏசி முடித்து, "ஒரு கிழமையோட புத்தி வந்தது பிள்ளையின்ர அதிர்ஷ்டம்" என்றார். நேசமலர் அங்கேயே அழுதுவிட்டாள். மாமி வழியில் இறங்கி அயடீன் உப்பு வாங்கினார்.

சுவாமிகள் இப்போது வத்தளையில் வேறு பெயரில் வயிறு அளக்கிறாராம். அங்கேயும் கியூவாம். போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். போகுமுன் வீட்டுச் செம்பை ஒருக்கால் அளந்துவிட்டுப் போங்கள். கழுத்தை நீட்டுவதற்கு இத்தனை அவசரப்படுகிற சனத்துக்கு, அதற்கு மேலே தலை என்று ஒன்று இருப்பது இன்னும் ஞாபகம் இருந்தால்!