பத்து மாதப் பிள்ளையும் உழவு இயந்திரத் திறப்பும்

எதையும் நேரம் போட்டு எழுதி வைக்கிற ஆள் நான். எங்கள் பசு கன்று போட்ட நிமிடம்கூட என் நாட்குறிப்பில் இருக்கிறது. அப்படிப்பட்ட நான் ஒரு திறப்பை, அதாவது சாவியை, தொலைத்தேன் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள்.

அப்போது உளவியல் இரண்டாம் ஆண்டு. ‘குழந்தை, கட்டிளமைப் பருவ வளர்ச்சி’ என்ற பாடத்துக்கு ஒரு செய்முறை: மறைத்து வைத்த பொருள் இன்னும் இருக்கிறது என்று குழந்தைக்குத் தெரிகிறதா எனப் பார்த்து எழுத வேண்டும். விடுமுறைக்கு எங்கள் ஊர் அக்கராயனுக்கு வந்திருந்த என்னிடம் அகப்பட்டவள் அண்ணாவின் பத்து மாத மகள் யாழினி. கிலுகிலுப்பையை மறைத்தேன், கொட்டாவி விட்டாள். அவளுடைய கண் முழுவதும் சுவர் ஆணியில் தொங்கிய உழவு இயந்திரத் திறப்பில். (விஞ்ஞானத்துக்காகத்தான் எடுத்து, இடம் மாற்றி மாற்றி ஒளித்தேன்.)

12.04: தேடினாள், எடுத்தாள். 12.09: தேடினாள், எடுத்தாள். 12.15: தேடவில்லை, என் முகத்தையே பார்த்தாள்.

கீழே முடிவையும் எழுதினேன்: ‘கண்ணுக்கு மறைந்தது இவளுக்கு இல்லாததே.’ அண்ணி சாப்பிடக் கூப்பிட்டார். போய்விட்டேன்.

ஒரு மணிக்கு அண்ணா வயலுக்கு வெளிக்கிட்டார். வாய்க்காலில் அன்று எங்கள் முறை. ஆறு மணிக்குத் தண்ணீர் அடுத்தவர் வயலுக்குப் போய்விடும். அதற்குள் வயலை உழுது சேறடிக்காவிட்டால் விதைப்பு ஒரு கிழமை பிந்தும்.

“டேய், மிசின்ர திறப்பு எங்க?”

“பிள்ளைக்கு ஒளிச்சு வைச்சனான்.”

“சரி, எங்க ஒளிச்சு வைச்சனீ?”

குறிப்பேட்டைப் புரட்டினேன். நேரம் இருந்தது, பிள்ளை என்ன செய்தாள் என்பது இருந்தது. ‘இடம்’ என்று ஒரு நிரலை நான் போடவேயில்லை. துவாய், தலையணை, சுளகு எல்லாவற்றையும் உதறினோம். அண்ணா குறிப்பேட்டைப் பறித்து உரக்க வாசித்தார்.

“கண்ணுக்கு மறைஞ்சது இல்லாததாம்! இது பிள்ளையைப் பற்றி எழுதினதோ, உன்னைப் பற்றியோ?”

“பேசாதேங்கோப்பா, தம்பி படிக்கிறவர்,” என்றார் அண்ணி, சிரிப்பை விழுங்கிக்கொண்டு.

1.37க்கு நாங்கள் மூவரும் கட்டிலின் கீழ். நித்திரையால் எழும்பிய யாழினி தவழ்ந்து போய், தரையில் கிடந்த என் தடித்த பாடப்புத்தகத்தை இரண்டு தரம் தட்டினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். 12.15க்குப் பார்த்த அதே பார்வை!

புத்தகம் அவளுக்குப் பாரம். ‘தூக்கித் தா’ என்றுதான் அப்போதும் கேட்டிருக்கிறாள். தூக்கினேன். திறப்பு.

சேறடித்து முடியும்போது 5.52. குறிப்பேட்டில் என் முடிவை வெட்டியது இரவு 8.10.

யாழினி இப்போது இரண்டாம் வகுப்பு. வீட்டில் எது காணாமல் போனாலும் அண்ணா தேடுவதில்லை. “பிள்ளை, சித்தப்பான்ர புத்தகத்தைத் தூக்கிப் பார்” என்பார்.

போன ஞாயிறு அண்ணியின் மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை. யாழினி இடத்தைவிட்டு அசையவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் எழும்பிப்போய்ப் புத்தகத்தைத் தூக்கினேன். (அங்கேதான் இருந்தது.)