அறிவித்தல் காக்கா மேடையேறிய பின்னேரம்

எங்கள் கரையில் கடலையே பயமுறுத்தக்கூடிய மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் வாயைத் திறந்தால் மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரைக்கும் அலை ஒரு நிமிஷம் நின்று, "ஆரு மௌத்து?" என்று கேட்டுவிட்டுத்தான் கரையில் அடிக்கும். நான் அளக்கிறேன் என்று நினைக்கிறவர்கள் கல்முனைப் பக்கம் வந்து, காலை எட்டு மணிக்கு ஏதாவதொரு ஒழுங்கையில் நின்று பாருங்கள். அப்புறம் என்னோடு சண்டைக்கு வாருங்கள்.

அவருக்கு உம்மா வாப்பா வைத்த பெயர் ஒன்று அடையாள அட்டையில் இருக்கும். ஊருக்கு அவர் அறிவித்தல் காக்கா; காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன். ஆட்டோவின் கூரையில் இரண்டு ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு, யாராவது இறந்துபோனால் தெருத் தெருவாகப் போய்ச் சொல்வது அவர் தொழில். எந்த வீதி, யாருடைய மகன், யாருடைய மருமகன், பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கமா, பொழுதுபட்ட மஃரிபுக்குப் பிறகு அடக்கமா, எல்லாம் ஒரே இழுவையில் வரும். மௌத்துச் செய்தி கேட்டால் "இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்" என்று சொல்வது எங்கள் வழக்கம். முப்பது வருஷம் இவர் குரலைக் கேட்டுக் கேட்டுச் சொன்னதில், இப்போது குரல் கேட்டாலே போதும் என்றாகிவிட்டது. செய்தி தேவையில்லை.

தேநீர்க் கடையில் இவர், "ஒரு பிளேன்டீ" என்பார். கடை முழுக்க இன்னாலில்லாஹி சொல்லும். ஒரு பெருநாளைக்கு முன் புடைவைக் கடைக்காரர் ஒருவர் புத்தி கெட்டுப்போய், மலிவு விற்பனையை இவரை வைத்து அறிவித்தார். அன்றைக்குக் கடைக்குக் கூட்டம் வந்தது உண்மைதான். வந்த பெண்கள் எல்லாரும் முதலாளியின் கையைப் பிடித்து, "சபூர் செய்ங்க மகன்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு, ஒரு கைக்குட்டை கூட வாங்காமல் போனார்கள். போனில் அவர் அழைத்தால் நான் முதலில் கதிரையில் குந்திவிட்டுத்தான் எடுப்பேன்.

இப்படிப்பட்டவர்தான் போன ஆகஸ்ட் லீவில் சிரிப்புக் காட்டப் புறப்பட்டார்.

எங்கள் ஊர் இளந்தாரிகள் சேர்ந்து கடற்கரையில் மூன்று நாள் நகைச்சுவை, கலை விழா வைத்தார்கள். கூடாரம், மேடை, முந்நூறு பிளாஸ்டிக் கதிரை. காரைதீவிலிருந்து கூத்துக்காரர்கள், அட்டாளைச்சேனையிலிருந்து றபான் அடிக்கிறவர்கள், கொழும்பிலிருந்து நின்றபடி பகிடி சொல்கிற பிள்ளைகள். வாராவாரம் பத்திரிகையில் எதையாவது கிறுக்குகிற பாவத்துக்கு என்னையும் பிடித்து, பெயர் பதிகிற மேசையில் குந்தவைத்துவிட்டார்கள். முதல் நாளே ஆட்டோ வந்து நின்றது.

"தம்பி, எண்ட பேரையும் போடுங்க. பத்து நிமிஷம்."

எனக்குப் பேனை கீழே விழுந்துவிட்டது. "எதுக்குக் காக்கா?"

"பகிடி சொல்ல."

"உங்களுக்கு என்ன விசரா?" என்று கேட்டுவிட்டேன். எனக்கு வாயடக்கம் கிடையாது. மனுஷன் கோபிக்கவில்லை. மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"வீட்டில உங்கட ராத்தா போன கிழமை சொல்றா, 'நாப்பது வருஷமா உங்களோட இரிக்கன், நீங்க வாயத் திறந்து ஒரு ஆள் சிரிச்சத்த நான் காணல்ல' எண்டு. நான் கோவிக்கல்ல தம்பி. யோசிச்சுப் பாத்தன். உண்மைதான். ஒருக்கா, ஒரே ஒருக்கா, இந்தச் சனம் என்னப் பாத்துச் சிரிக்கணும். அதுக்குப் புறகு நான் பழையபடி மௌத்தச் சொல்லிக்கிட்டே இரிக்கன்."

இதற்கு மேல் எப்படி மறுப்பது? மூன்றாம் நாள் அஸருக்குப் பிறகு என்று பதிந்தேன். பதிந்த கையோடு ஒத்திகைக்கும் கூப்பிட்டேன். அங்கேதான் என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு பகிடி. ஒருவர் சவளக்கடைக்குப் போய் எருமை வாங்குகிறார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். "ஒரு ஊரில ஒரு மனுசன்" என்று அவர் தொடங்கியதும் நான் பாய்ந்தேன். "என்ன காக்கா, ஆளுக்குப் பேரில்ல, ஊரில்ல? பேர் வையுங்க, வீதி வையுங்க. அப்பதான் சனம் நம்பும். பேரச் சொன்ன உடன ஒள்ளம் நிறுத்துங்க. சனம் சிரிக்க இடம் விடணும்."

என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். பெயரும் வீதியும் கையில் கிடைத்ததும் மனுஷனுக்கு வழக்கமான தடம் கிடைத்துவிட்டது. பகிடியில் வருகிற ஆளுக்கு மருமகன், மச்சான், சம்பந்தி எல்லாரையும் சேர்த்தார். அந்தப் பத்து நிமிஷத்தில் எருமை வரவே இல்லை. போகட்டும், மேடையில் சரியாகிவிடும் என்று நானும் விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் கடற்கரை நிறைந்திருந்தது. முன்வரிசையில் காக்காவின் மனைவி, எங்களுக்கெல்லாம் ராத்தா, குடையோடு வந்து குந்தியிருந்தார். காக்கா வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக மேடையேறி மைக்கைப் பிடித்தார்.

"பழைய சந்தை வீதியைச் சேர்ந்த தயிர் ஹாஜியார் அவர்கள்..."

என்று சொல்லி, நான் சொல்லிக்கொடுத்தபடியே, நிறுத்தினார்.

"இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்" என்றது முந்நூறு கதிரை.

எருமை வாங்குகிற ஆளுக்குக் காக்கா வைத்தது ஊரில் உயிரோடிருக்கிற மனுஷனின் பெயரை; தயிர் ஹாஜியாரைத் தெரியாத ஆள் ஊரில் இல்லை. பாதிப் பேருக்கு அவர் மாமா முறை, மீதிப் பேர் அவரிடம் தயிர் வாங்கிச் சாப்பிட்டவர்கள். பெண்கள் விம்மத் தொடங்கினார்கள். ஆண்கள் பொக்கற்றிலிருந்து தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு எழுந்தார்கள். வடை சுட்டவர் அடுப்பை அணைத்தார். ஸ்பீக்கருக்குப் பொறுப்பான காரைதீவுக்காரர் என் காதருகே வந்து, "அண்ணே, எத்தின மணிக்கு எடுக்கிறாங்க?" என்று கேட்டார். வாட்ஸ்அப்பில் ஹாஜியாரின் படம் ரோசாப் பூவோடு சுற்றத் தொடங்கிவிட்டது.

மௌத்து வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்பது எங்கள் ஊர்ப் பழக்கம். கதிரை கொண்டுபோக வேண்டும். ஆளுக்கொரு கதிரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு முழுச் சனமும் பழைய சந்தை வீதிக்கு நடந்தது. நாலு பேர் கூடாரத்தையும் கழற்றிக்கொண்டு போனார்கள்.

நான் கையைக் காட்டினேன், கத்தினேன். காக்கா நிறுத்தவில்லை. சனம் எழும்பியதை அவர் காணவே இல்லை. மேடைப் பயத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். "அன்னார் வட்டானை போடியாரின் மருமகனும்..." என்று வெறும் மணலுக்கு ஓதிக்கொண்டிருந்தார். கேட்க மிஞ்சியது நானும் ராத்தாவும்தான். ராத்தா மூன்று நாளாக அந்தப் பகிடியை வீட்டில் கேட்டுச் சலித்தவர், ஆகையால் அசையவில்லை.

ஹாஜியார் வீட்டில் நடந்ததைப் பிறகு கேட்டு அறிந்தேன். மனுஷன் அஸர் தொழுதுவிட்டு, ஈக்களின் தொல்லைக்காக வெள்ளைப் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு முன்மண்டபத்தில் நல்ல உறக்கம். வந்தவர்களுக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? முற்றத்தில் கதிரை போட்டுக் கூடாரமும் நட்டாயிற்று. அழுகைச் சத்தத்தில் ஹாஜியார் எழுந்து குந்தினார்.

"ஆருடா மௌத்து?"

முன்னால் நின்றவர் தேம்பிக்கொண்டே சொன்னார்: "நீங்கதான் மாமா."

"இன்னாலில்லாஹி" என்றாராம் ஹாஜியார்.

பிறகுதான் அவருக்குக் கோபம் வந்திருக்கிறது. பத்து நிமிஷத்தில், சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மோட்டார் சைக்கிளின் பின்னால் குந்தியபடி கடற்கரைக்கு வந்தார். பின்னால் அதே சனம், அதே கதிரைகளோடு. மேடையில் காக்கா அப்போதுதான் கண்ணைத் திறந்திருந்தார். எருமை இன்னும் வரவில்லை.

"எண்ட மௌத்த அறிவிச்சது நீதானே?" ஹாஜியார் மேடையில் ஏறி நின்று கத்தினார். "அதே வாயால இல்லெண்டு அறிவி! இப்ப, இந்தச் சனத்துக்கு முன்னால அறிவி!"

சிரிக்க வைக்க வந்தவர் ஊரையே அழவைத்துவிட்டு நிற்கிறார். எதிரே முந்நூறு பேர், ஒரு பல்லும் வெளியே தெரியவில்லை. அதைவிடப் பெரிய கரைச்சல், உயிரோடு இருப்பவரை அறிவித்து அவருக்குப் பழக்கமில்லை. முப்பது வருஷத்தில் யாரும் அப்படி ஒரு வேலை கொடுத்ததில்லை. அவர் தொண்டையைச் செருமினார். தெரிந்த ஒரே இழுவையில் தொடங்கினார்.

"பழைய சந்தை வீதியைச் சேர்ந்த தயிர் ஹாஜியார் அவர்கள் இன்று காலமாகவில்லை. அன்னார், அன்னாரின் மனைவியின் உயிருள்ள கணவரும், அன்னாரின் பிள்ளைகளின் உயிருள்ள தந்தையும் ஆவார். அன்னாரின் நல்லடக்கம்..."

இந்த இடத்தில் வழி தெரியாமல் ஹாஜியாரை ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

"...மறு அறிவித்தல் வரும்வரை பிற்போடப்பட்டுள்ளது."

சனத்தின் நடுவில் ஒரு பெண்பிள்ளைக்குக் களுக்கென்று சிரிப்பு வெடித்தது. அவ்வளவுதான். கதிரைகள் கீழே விழுந்தன, ஆட்கள் மணலில் குந்திச் சிரித்தார்கள், கொழும்புப் பகிடிக்காரப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஹாஜியார் கோபத்தைக் காப்பாற்ற எவ்வளவோ பாடுபட்டார். முடியவில்லை. காக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "பிற்போட்டிரிக்காம்!" என்று திரும்பத் திரும்பச் சொல்லி, வயிறு குலுங்கச் சிரித்தார்.

நான் ராத்தாவைப் பார்த்தேன். குடைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். குடை குலுங்கிக்கொண்டிருந்தது.

காக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவர் குரலுக்கு எதிரே இப்படிச் சிரிக்கிற முகங்களை அவர் கண்டதே இல்லை. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, மேடை ஓரத்தில் நின்ற என்னிடம் குனிந்தார்.

"தம்பி, சனம் சிரிக்கக்குள்ள நான் என்ன செய்யிற? போறதா?"

"போகாதீங்க காக்கா," என்றேன். "ஒள்ளம் நில்லுங்க. பாத்துக்கிட்டு நில்லுங்க."

நின்றார். பள்ளியில் மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை, இரண்டு கையையும் தொங்கப் போட்டுக்கொண்டு அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மனுஷன் மேல் அன்றைக்கு எனக்கு வந்த பாசம் என் சொந்தக் காக்கா மேல் கூட வந்ததில்லை. இதை என் காக்காவுக்கு யாரும் வாசித்துக் காட்டிவிடாதீர்கள்.